தீயில் காய்ந்த பறை

மதுரைக்கு மேற்கே உள்ள ஒரு கிராமம் அது. கீழத்தெருவில் நடக்கும் மாலை நேரப் படிப்பு மையத்தில், கல்லூரிக்கு விண்ணப்பிக்கப்போகும் பிள்ளைகளின் சான்றிதழ்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவி ஒருத்தி தன் சாதிச் சான்றிதழை நீட்டியபடி கேட்டாள்:

"அண்ணே, கோவில்ல நம்மளத் தேவனோட பிள்ளைங்கன்னு சொல்றாங்க. ஊருக்குள்ள போனா காலனிக்காரின்னு சொல்றாங்க. இந்தத் தாள்ல பி.சி.ன்னு போட்டிருக்கு. இதுல நான் எதுண்ணே?"

திண்ணையில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்த அவளுடைய அப்பத்தா நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அன்று நாங்கள் சொன்ன பதில் அரைகுறையானது. வீடு திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. நம் மாவட்டத்தில் எத்தனையோ தலித் கிறித்தவப் பிள்ளைகள் இதே கேள்வியோடு கல்லூரி வாசலில் நிற்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து யோசிப்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

தாள் சொல்வது

முதலில் அந்தத் தாளைப் பார்ப்போம். பட்டியல் சாதிகள் பற்றிய 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடராக இருந்து கிறித்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர்.

இதனால் இழப்பது இடஒதுக்கீடு மட்டுமல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடைக்காமல் போகிறது. அடிக்கிறவன் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டுப் பார்த்துவிட்டு அடிப்பதில்லை. வழக்குப் பதியும்போது மட்டும் அது கேட்கப்படுகிறது.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவரின் வழக்கை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். பட்டியல் சாதியைச் சேர்ந்த செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அதே தெருவில் அதே ஊசியும் நூலும் வைத்துப் பிழைத்த சூசைக்குக் கிடைக்கவில்லை. அவர் கிறித்தவர் என்பதே காரணம். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அந்த இழிநிலை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்று சொல்லி, 1985-இல் அவருடைய மனு தள்ளுபடியானது.

2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், பட்டியல் சாதி என்பதை மதத்தோடு முடிச்சுப் போடக் கூடாது என்று பரிந்துரைத்தது. 2022-இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை, தலித் கிறித்தவர்களுக்கும் பட்டியல் சாதித் தகுதி வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றி ஒன்றிய அரசைக் கேட்டுக்கொண்டது.

ஒரு நடைமுறைச் செய்தியையும் சொல்லிவிடுகிறோம். ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகைத் திட்டங்களில் 'கிறித்துவ மதம் மாறிய ஆதிதிராவிடர்' என்ற பிரிவும் உண்டு. பி.சி. என்று இருக்கிறதே என்று நினைத்துப் பல பிள்ளைகள் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள். கல்லூரி அலுவலகத்தில் அந்தப் பிரிவின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

கோவில் சொல்வது

இனி, கோவில். தேவனுடைய பிள்ளைகள் என்று சொல்லும் இடத்திலும் நமக்குத் தனி மூலை ஒதுக்கிய வரலாறு உண்டு. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், சாதிக்கொரு பக்கமாகப் பிரித்துக் கோவிலையே இரண்டாகக் கட்டினார்கள். நடுவில் இருந்த தடுப்பை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்தபோது, அதைத் திரும்ப வைக்கச் சொல்லி நீதிமன்றம் போனவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்களே. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் சாதிச் சுவர் எழுந்தது. செத்த பிறகும் பக்கத்தில் படுக்கக் கூடாது என்று நினைத்தவர்கள் உயிர்த்தெழுதலைப் பற்றி என்ன நினைத்திருப்பார்களோ தெரியவில்லை.

2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. ஆகவே, மதம் மாறியதும் சாதி மறைந்துவிட்டது என்று சொல்ல நாம் வரவில்லை. அப்படிச் சொன்னால் அந்தப் பிள்ளையே நம்மைப் பார்த்துச் சிரிப்பாள்.

இரண்டு இடத்திலும் இந்த நிலை என்றால், இந்த விசுவாசத்தில் நமக்கு என்னதான் இருக்கிறது?

பலவீனம் என்ற சொல்

பவுல் அப்போஸ்தலர் கொரிந்து பட்டணத்துச் சபைக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், தன் உடம்பில் குத்திக்கொண்டிருந்த ஒரு முள்ளைப் பற்றிப் பேசுகிறார். அதை எடுத்துவிடும்படி மூன்று முறை வேண்டினார். முள் போகவில்லை. பலவீனத்தில்தான் கடவுளின் பலம் முழுமையாக வெளிப்படும் என்ற பதில்தான் வந்தது.

நம் தெருக்களில் இந்தப் பகுதி பலமுறை தவறாகப் பிரசங்கிக்கப்பட்டிருக்கிறது. "பொறுத்துக்கொள், அடங்கிப் போ, பரலோகத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்பதாகவே அதைக் கேட்டு வளர்ந்தோம். கூலியைக் குறைத்தாலும் அது நம் முள். தனிக் குவளை வைத்தாலும் அது நம் முள். ஆனால் பவுலின் முள்ளை எந்தப் பண்ணையாரும் குத்தவில்லை. நம்மீது குத்தப்பட்டது மனிதர் குத்திய முள். அதைப் பிடுங்கி எறியத்தான் வேண்டும்.

அதே கொரிந்து சபைக்கு அவர் எழுதிய முதல் கடிதத்தையும் சேர்த்துப் படித்தால் விளங்கும். அந்தச் சபையில் உயர்குலத்தார் அதிகம் இல்லை என்றும், உலகம் பலவீனம் என்று தள்ளியதையே கடவுள் தேர்ந்துகொண்டார் என்றும் எழுதுகிறார். கர்த்தருடைய பந்தியில் இருப்பவர் முந்திச் சாப்பிட்டு, இல்லாதவர் பசியோடு நின்றபோது கடுமையாகக் கண்டிக்கிறார். பலவீனத்தைப் பெருமையாகப் பேசிய அதே மனிதர்தான் பந்தி வஞ்சனையைப் பார்த்துக் கொதிக்கிறார். நீ பலவீனன் என்பதற்காக உன் மதிப்புக் குறையாது என்பதே அவர் சொன்னது. நீ பலவீனனாகவே கிட என்று அவர் சொல்லவில்லை.

பரட்டை அண்ணன்

இந்த வேறுபாட்டை நம் மண்ணின் மொழியில் விளங்கவைத்தவர் ஒருவர் மதுரையில் இருந்தார். அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு. மாணவர்களுக்கும் கிராமத்து மக்களுக்கும் அவர் 'பரட்டை அண்ணன்'. 2005-இல் காலமானார்.

கர்நாடக இசையும் மேல்நாட்டு ஞானப்பாட்டும் மட்டுமே கோவிலுக்கு ஏற்றவை என்று நினைத்த காலத்தில், நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டையே அமைத்தார். சாவுக்கும் தீட்டுக்கும் உரியது என்று ஊர் ஒதுக்கிய பறையை ஆராதனைக்குள் கொண்டுவந்தார். கடவுளைக் களத்துமேட்டுத் தமிழில் "பெத்தவரே" என்று அழைத்தார். அந்த ஒரு சொல்லில் தாயும் உண்டு, தகப்பனும் உண்டு. திருவிருந்தை 'ஒரு ஒலை' என்று விளக்கினார். எல்லாரும் கொண்டுவந்து ஒரே உலையில் போட்டு, பொங்கி, பகிர்ந்து உண்பதே அது. கொரிந்துப் பந்தியில் பவுல் கேட்டதும் இதுதானே?

பறையைக் குறித்து நமக்குள் இரண்டு கருத்து உண்டு. ஊர்ச் சாவுக்குக் கூலியில்லாமல் அடிக்கச் சொன்னார்கள். இனி அடிக்கமாட்டோம் என்று தூக்கி எறிந்த போராட்டங்களும் நம் வரலாறுதான். அவற்றை நாம் குறைத்துப் பேசவில்லை. யாருடைய கட்டளைக்கும் அடிக்காமல், நம் விருப்பத்துக்கு, நம் கடவுளுக்கு முன் அடிப்பது இன்னொரு வகை விடுதலை. கருவி மாறவில்லை. அதைப் பிடித்திருக்கும் கைக்கு உரிமையாளர் மாறிவிட்டார்.

பறை அடிக்கிறவர்களுக்குத் தெரியும். தோல் தொய்ந்திருந்தால் சத்தம் எழாது. வைக்கோலைக் கொளுத்தி அனலில் காய்ச்சினால்தான் விறைத்துப் பேசும். அதற்காகத் தீயைக் கும்பிடவேண்டியதில்லை. தீ பட்ட தோலும் கெட்டுப்போனதாக ஆகிவிடாது.

அப்பத்தா சொன்னது

இரண்டாம் முறை அந்தக் கிராமத்துக்குப் போனபோது அப்பத்தாவே பேச்சை ஆரம்பித்தார்.

"பத்து வயசுல எங்க குடும்பத்தோட ஞானஸ்நானம் எடுத்தோம். ஐயரு சபை முன்னாடி என் பேரை முழுசாச் சொன்னாரு. அதுக்கு முந்தி என்னைய யாரும் முழுப் பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்ல. பண்ணையில 'ஏ குட்டி'தான். கடவுளுக்கு முன்னாடி ஒரு பேரு இருக்குன்னு தெரிஞ்ச பொறவு, குனிஞ்சு நடக்க மனசு வரல தம்பி."

உபதேசியார் வீட்டுத் திண்ணையில் பெரிய எழுத்து வேதாகமத்தை வைத்துத்தான் எழுத்துக் கூட்டப் படித்திருக்கிறார். பள்ளிக்கூடம் போனதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில் அவர் கணவர் இறந்தார். கல்லறைக்குப் பாதை கிடையாது. வயல் வரப்பில்தான் தூக்கிப் போகவேண்டும். சேற்றில் ஒருவர் வழுக்கிவிழ, பெட்டி சரிந்துவிட்டது. "அந்த மனுசனுக்குக் கடைசி வழியும் நேரா இல்ல" என்று சொல்லிக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

அடுத்த அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து நின்றார். ஊரே உட்கார்ந்திருந்தது. யாருடைய வயலில் கூலிக்குப் போகிறாரோ அவரும் முன் வரிசையில் இருந்தார்.

"பயமா இல்லையா அப்பத்தா?" என்று கேட்டோம்.

"இல்லாம இருக்குமா? காலு நடுங்குச்சு, கை நடுங்குச்சு. நடுக்கம் நிக்கட்டும், அப்புறம் பேசலாம்னு இருந்தா இந்த ஜென்மத்துல பேசமுடியாது. நடுங்குற கையோடதான் மைக்கப் பிடிச்சேன்."

மயானப் பாதைக்கான கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. அதன் நகலோடு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள். நில அளவையர் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். பாதை இன்னும் வரவில்லை. கூலிக்கு அழைத்துக்கொண்டிருந்த வயல்காரர் அழைப்பதை நிறுத்திவிட்டார். அப்பத்தா அதற்காக வருந்துவதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை, மனு ரசீதை மஞ்சப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறிவிடுகிறார்.

பலவீனத்தில் பலம் என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். நடுங்குகிற கை மைக்கைப் பிடித்தது என்பதைவிடத் தெளிவான விளக்கத்தை நாம் கேட்டதில்லை.

அந்தப் பிள்ளைக்கு

எதுண்ணே நான் என்று கேட்டாயே தங்கச்சி, இப்போது சொல்கிறோம். தாளில் இருப்பது அரசு உன்னை எங்கே வைத்திருக்கிறது என்பது. அது மாறவேண்டும்; மாற்றச் சேர்ந்து போராடுவோம். காலனிக்காரி என்பது ஊரின் அழுக்கு. அது உன்மீது ஒட்டாது. தேவனுடைய பிள்ளை என்பது மட்டும்தான் யாரும் உனக்குக் கொடுக்காமலும் யாரும் எடுக்கமுடியாமலும் இருப்பது. கோவிலே அதை மறந்தால் கோவிலுக்கும் நினைவுபடுத்து.

போன வாரம் அவளுடைய விண்ணப்பத்தை அனுப்பினோம். பெயர் எழுதும் கட்டத்தில் தலைப்பெழுத்தோடு நிறுத்தப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த அப்பத்தா எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"முழுசா எழுது புள்ள."