சஸ்பென்ஷன் புஷ் ஸ்லீவ்

சஸ்பென்ஷன் புஷ் ஸ்லீவ் என்பது மோட்டார் வாகனத்தின் சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம், சேசிஸுடன் சேரும் மூட்டில், ரப்பர் அல்லது பாலியூரித்தேன் புஷ்ஷின் நடுவே அமைந்துள்ள சிறிய உலோகக் குழல் ஆகும். மூட்டின் போல்ட் இக்குழலின் ஊடாகச் செல்கிறது. உற்பத்தி நின்றுபோன பழைய கார்களுக்கு இந்த உதிரிப்பாகம் கிடைப்பது அரிது. ஆகவே லேத் பட்டறையில் அளவெடுத்துக் கடைந்து கொள்வது வழக்கம். இதில் நேரும் சிறு அளவுப் பிழையும் சக்கரத்தின் பிடிமானத்தைப் பாதிக்கும்.

செயல்படும் விதம்

சக்கரம் மேடுபள்ளங்களில் ஏறி இறங்கும்போது ஆர்ம், கீலில் அசையும் கதவைப் போல மேலும் கீழும் அசைகிறது. போல்ட்டை முடுக்கியதும் பிராக்கெட்டின் இரு பக்கங்களும் ஸ்லீவின் இரு முனைகளையும் நெருக்கிப் பிடித்துக் கொள்கின்றன. அதன்பின் ஸ்லீவ் சுழலக் கூடாது. அசைவு முழுவதும் அதைச் சுற்றியுள்ள புஷ்ஷில்தான் நிகழ வேண்டும்.

ரப்பர் புஷ்ஷில் ரப்பர் உலோகத்துடன் ஒட்டவைக்கப்பட்டிருக்கும். அது முறுக்கிக்கொண்டு மீள்வதன் மூலம் ஆர்ம் அசைய இடம் தருகிறது. பாலியூரித்தேன் புஷ் பெரும்பாலும் ஒட்டப்படுவதில்லை. ஸ்லீவின் மேற்பரப்பில் வழுக்கிச் சுழலும். லேத்தில் தனியே கடைந்து போடத்தக்கது இந்த இரண்டாம் வகைக்கான ஸ்லீவே.

தமிழகத்தில் பழைய கார்கள்

சென்னையை அடுத்த பெருங்களத்தூர், வண்டலூர் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைத் தயாரித்தது. இது 1959இல் இங்கிலாந்தில் வெளியான டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம். அதன் உருவத்தை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. 1962இல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் விளையாட்டுக் கார், ஹெரால்டின் முன்சக்கர சஸ்பென்ஷன் அமைப்பையே தழுவியது. எனவே ஸ்பிட்ஃபயர் உரிமையாளர் எதிர்கொள்ளும் புஷ் சிக்கலும் ஹெரால்டு வைத்திருப்பவரின் சிக்கலும் ஏறத்தாழ ஒன்றே. சென்னை நிறுவனத்தின் கார் உற்பத்தி 1980களின் இறுதியில் நின்றது.

இந்தியாவில் மெட்ரிக் அளவைக்கான சட்டம் 1956இல் இயற்றப்பட்டது. ஆயினும் பிரிட்டிஷ் வடிவமைப்பான இக்கார்களின் போல்ட்டுகள் அங்குல அளவில் அமைந்தவை. அரை அங்குலம் என்பது 12.70 மி.மீ. அந்தத் துளையில் கடையில் கிடைக்கும் 12 மி.மீ. போல்ட்டைப் போட்டால் 0.70 மி.மீ. ஆட்டம் இருக்கும். முடுக்கிய போல்ட் முதலில் அதை மறைத்தாலும், நாளடைவில் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்துவிடும்.

கடலோர ஊர்களில் ஏற்படும் சிக்கல்

புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் போல்ட்டும் ஸ்லீவும் துருவேறி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்வதுண்டு. அப்போது போல்ட்டை அறுத்தே எடுக்க நேரிடும்; பழைய ஸ்லீவ் அத்துடன் வீணாகும். புதியதைப் பொருத்தும்போது போல்ட்டின் மேல் கிரீஸ் தடவினால் துரு தாமதப்படும்.

அளவெடுத்தல்

தேய்ந்த ஸ்லீவை மாதிரியாகக் கொடுத்து ‘இதேபோல்’ கடையச் சொல்வது பரவலான தவறு. அதனால் தேய்மானமும் சேர்ந்தே புதியதில் வந்துவிடும். கீழ்க்கண்டவற்றை அளக்க வேண்டும்:

1. புதிய போல்ட்டின் விட்டம். இது ஸ்லீவின் உள்விட்டத்தை நிர்ணயிக்கும்.
2. புதிய புஷ்ஷின் துளை விட்டம். இது ஸ்லீவின் வெளிவிட்டத்தை நிர்ணயிக்கும்.
3. பொருத்திய புஷ்ஷின் மொத்த அகலமும் பிராக்கெட்டின் இடைவெளியும். இவை ஸ்லீவின் நீளத்தை நிர்ணயிக்கும்.

நீளத்துக்கு வெர்னியர் காலிப்பர் போதும். விட்டங்களுக்கு மைக்ரோமீட்டர் தேவை. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று இடங்களில் அளப்பது நல்லது.

கடையும் முறை

தையலற்ற எஃகுக் குழாயோ எஃகுக் கம்பியோ பயன்படும். கம்பியைச் சக்கில் பிடித்து முகத்தைச் சமன்செய்து, துளையிட்டு, ரீமரால் உள்விட்டத்தை முடிக்க வேண்டும். கம்பியைக் கழற்றாமல் அதே பிடியிலேயே வெளிவிட்டத்தையும் கடைய வேண்டும். இடையில் கழற்றி மீண்டும் பிடித்தால் உள்வட்டத்தின் மையமும் வெளிவட்டத்தின் மையமும் விலகக்கூடும். பிறகு வெட்டியெடுத்து மறுமுகத்தையும் சமன்செய்து, விளிம்புக் கூரை மழுக்க வேண்டும். கூர் இருந்தால் நுழைக்கும்போதே புஷ்ஷைச் சுரண்டிவிடும். வெளிப்புறம் வழவழப்பாக இருத்தல் அவசியம்.

கடைசி அளவை ஆறிய பின்பே எடுக்க வேண்டும். 30 மி.மீ. விட்டமுள்ள எஃகு 50 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் சுமார் 0.018 மி.மீ. விரியும். சூட்டில் சரியாகத் தோன்றியது ஆறியதும் சிறுத்துப்போகும்.

நீளமே முதன்மையானது

ஸ்லீவ், புஷ்ஷின் அகலத்தைவிட மிகச் சிறிதளவு, அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு, நீளமாக இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் பிராக்கெட் ஸ்லீவுக்குப் பதிலாகப் புஷ்ஷையே நெருக்கும். ஆர்ம் இறுகும், புஷ் விரைவில் கிழியும். மிக நீளமாக இருந்தால் ஆர்ம் பக்கவாட்டில் நகரும். பிரேக் போடும்போது ‘டக்’ என்ற ஒலி கேட்கும். ஸ்டீயரிங் ஒருபுறம் இழுக்கும். டயர் ஓரத்தில் தேயும்.

பொருத்துதலும் சோதனையும்

போல்ட் கையால் தள்ளினாலே நுழைய வேண்டும்; ஆனால் ஆடக் கூடாது. பாலியூரித்தேன் புஷ்ஷின் உட்புறம் சிலிக்கான் கிரீஸ் தடவ வேண்டும். போல்ட்டை முடுக்கிய பின், சுருள்வில்லை இணைக்கும் முன், ஆர்மைக் கையால் தூக்கி இறக்கிப் பார்க்கலாம். தடையின்றி அசைந்து, பக்கவாட்டில் ஆடாமல் இருந்தால் அளவு சரி.

ஒட்டவைத்த ரப்பர் புஷ்ஷுக்கு மட்டும் ஒரு விதி உண்டு. சக்கரங்கள் தரையில் நின்று வண்டியின் பாரம் இறங்கிய நிலையிலேயே போல்ட்டை இறுதியாக முடுக்க வேண்டும். ஜாக்கில் தூக்கிய நிலையில் முடுக்கினால், வண்டி நிற்கும்போதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழிந்துவிடும்.

பணி முடிந்ததும் சக்கர அலைன்மென்ட்டைச் சரிபார்த்து, முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பின் போல்ட்டின் இறுக்கத்தை மீண்டும் சோதிக்க வேண்டும்.