மிடி கீ போர்டில் சத்தம் வரவில்லையா?

ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை பார்க்கும் என் நண்பர், பல மாதம் பணம் சேர்த்து ஒரு மிடி கீ போர்டு வாங்கினார். நாம் டைப் செய்யும் கீ போர்டு அல்ல இது. ஹார்மோனியம் போல் கறுப்பு, வெள்ளைக் கட்டைகள் உள்ள இசைக் கருவி. ஸ்ரீபெரும்புதூரில் உள்ள தன் அறையில் அதை லேப்டாப்பில் இணைத்தார். விளக்கு எரிந்தது. கட்டைகளை அழுத்தினார். சத்தமே இல்லை. "பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டார்கள். நாளைக்கே திருப்பிக் கொடுக்கப் போகிறேன்" என்று எனக்குப் போன் செய்தார்.

கருவியில் எந்தப் பழுதும் இல்லை. புதிதாக வாங்கும் பலருக்கும் வரும் சந்தேகம்தான் இது. என்ன காரணம், எப்படிச் சரி செய்வது என்று பார்ப்போம்.

மிடி என்பது ஒலி அல்ல

வீட்டு வாசலில் உள்ள காலிங் பெல் சுவிட்சை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்துவது வாசலில், மணி அடிப்பது உள்ளே. உள்ளே மணி இல்லாவிட்டால் எத்தனை முறை அழுத்தினாலும் சத்தம் வராது. மிடி கன்ட்ரோலரும் அந்த சுவிட்ச் போன்றதுதான். பெரும்பாலான கன்ட்ரோலர்களில் ஒலி எழுப்பும் பகுதியோ ஸ்பீக்கரோ கிடையாது.

நீங்கள் ஒரு கட்டையை அழுத்தியதும், "60-ஆம் எண் கட்டை, 90 அளவு வேகத்தில் அழுத்தப்பட்டது" என்பது போன்ற சிறு கட்டளை மட்டும் கம்ப்யூட்டருக்குப் போகிறது. கட்டை எண், வேகம் இரண்டுமே 0 முதல் 127 வரை உள்ள எண்கள். அதைக் கேட்டு ஒலி எழுப்ப வேண்டியது கம்ப்யூட்டரில் உள்ள சாப்ட்வேர்.

வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேச உருவான பொது மொழி இது. 1983-ல் அமெரிக்காவின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ், ஜப்பானின் ரோலண்டு ஆகிய நிறுவனங்களின் சின்தசைசர்களை இணைத்து இதை முதன்முதலில் செய்து காட்டினார்கள். தமிழ்த் திரையில் 1986-ல் வெளியான 'புன்னகை மன்னன்' படத்திலேயே இளையராஜா கம்ப்யூட்டர் இசையைப் பயன்படுத்தினார். ஏ.ஆர்.ரஹ்மான் 1989-ல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டருகே ஸ்டூடியோ அமைத்தார்; 1992-ல் 'ரோஜா' வந்தது. அன்று தனித்தனிக் கருவிகள் செய்த வேலையில் பெரும்பகுதியை இன்று உங்கள் லேப்டாப்பே செய்துவிடும்.

நான்கு இடங்களில் சோதியுங்கள்

1. கேபிள்: சில யு.எஸ்.பி. கேபிள்கள் சார்ஜ் ஏற்ற மட்டுமே உதவும், தகவலைக் கடத்தாது. விளக்கு எரிவதால் மட்டும் இணைப்பு சரி என்று நினைக்காதீர்கள். கருவியோடு வந்த கேபிளை லேப்டாப்பில் நேரடியாகச் செருகுங்கள். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் கருவியின் பெயர் தெரிய வேண்டும். பெரும்பாலான கருவிகளுக்குத் தனி டிரைவர் தேவைப்படாது.

2. சாப்ட்வேர்: பாட்டுப் பதிவுக்குப் பலரும் பயன்படுத்தும் ஆடாசிட்டி, ஒலியைப் பதிவு செய்யும், மிடி கட்டளைகளைப் பதிவு செய்யாது. ரீப்பர் போன்ற சாப்ட்வேர் வேண்டும். ரீப்பரை 60 நாள் இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம். அதில் ஆப்ஷன்ஸ் மெனுவில் பிரிபரன்சஸ் சென்று, மிடி கருவிகள் பட்டியலில் உங்கள் கருவியைத் தேர்ந்தெடுத்து எனேபிள் செய்யுங்கள். பல விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் ஒரு மிடி கருவியை ஒரு சமயத்தில் ஒரு புரோகிராம் மட்டுமே பயன்படுத்த முடியும். எனவே வேறு இசை சாப்ட்வேர் திறந்திருந்தால் மூடிவிடுங்கள்.

3. டிராக்: கன்ட்ரோல் + டி அழுத்திப் புதிய டிராக் உருவாக்குங்கள். அதன் சிவப்பு ரெக்கார்டு பட்டனை அழுத்தி, இன்புட்டில் மிடி என்பதைத் தேர்ந்தெடுங்கள். மானிட்டரிங் ஆன் ஆகியிருக்க வேண்டும். இப்போது கட்டையை அழுத்தினால் டிராக்கின் மீட்டர் அசையும். கட்டளை வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள்.

4. ஒலி தரும் கருவி: மணியை மாட்டும் கட்டம் இதுதான். டிராக்கில் எப்.எக்ஸ். பட்டனை அழுத்தி, ரீப்பருடனேயே வரும் ரீசின்த் என்பதைச் சேருங்கள். ஒலி கேட்கும். பிறகு பியானோ, வீணை என்று விரும்பிய கருவிகளைச் சேர்க்கலாம்.

ஒலி தாமதமாக வருகிறதா?

கட்டையை அழுத்திச் சற்றுக் கழித்து ஒலி வந்தால் வாசிக்கவே முடியாது. சவுண்டு கார்டின் பபர் அளவு பெரிதாக இருப்பது முக்கியக் காரணம். வினாடிக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில், 1024 சாம்பிள் பபருக்கு மட்டும் சுமார் 23 மில்லி செகண்ட் ஆகும். 128 என்றால் சுமார் 3 தான். விண்டோஸில் ஏசியோ வகை டிரைவர் பயன்படுத்துங்கள். சவுண்டு கார்டுக்கென்று அப்படி டிரைவர் இல்லாவிட்டால் இலவச ஏசியோ4ஆல் உதவும். பபரை மிகவும் குறைத்தால் ஒலி வெடித்து வெடித்துக் கேட்கும். அப்போது ஒரு படி கூட்டுங்கள்.

கமகம் வேண்டுமா?

கட்டைகள் ஒரு ஸ்தாயிக்கு 12 சுரஸ்தானங்களைத்தான் தரும். நம் இசைக்குத் தேவையான கமகத்துக்குப் பிட்ச் பெண்ட் என்ற சக்கரம் உண்டு. 16,384 படிகளில் சுருதியை வழுக்கி நகர்த்தும். இடது கையில் இதைப் பழகுங்கள்.

என் நண்பர் பிரச்சினையை உடனே புரிந்துகொண்டார். தொழிற்சாலையில் அவர் அழுத்தும் பட்டனும் மெஷினை நேரடியாக ஓட்டுவதில்லை. கன்ட்ரோல் பேனலுக்கு சிக்னல் அனுப்புகிறது, அவ்வளவுதான். கீ போர்டு கடைக்குத் திரும்பவில்லை. நைட் ஷிப்ட் இல்லாத நாட்களில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிக்கிறார். நீங்களும் கருவியைத் திருப்பிக் கொடுக்கும் முன் இந்த நான்கு இடங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.