பொருத்தனையும் குடும்ப அதிகாரமும்

நேர்த்தி வைத்தலும் விரதம் பூணுதலும் நம்மவர்க்குப் புதியன அல்ல. குச்சவெளி முதலிய திருக்கோணமலைக் கரையோர ஊர்களிலே சைவப் பெண்கள் 21 நாள் கேதாரகௌரி விரதம் நோற்றுக் காப்புக் கட்டுதலை யாவரும் அறிவர். இறைவனுக்கு ஒரு பெண் கொடுத்த வாக்கை அவள் தந்தையோ கணவனோ தடுக்கலாமா? இவ்வினாவுக்குப் பண்டை இசுரவேலர் சட்டமாகவே விடை வகுத்தனர். அதனை விவிலியத்தின் எண்ணாகமம் 30ஆம் அதிகாரத்திற் காணலாம். அங்கே நேர்த்தி பொருத்தனை எனப்படும்.

ஆடவன் செய்த பொருத்தனை அவனைத் தவறாது பிணிக்கும். தந்தை வீட்டிலிருக்கும் இளம்பெண்ணின் பொருத்தனையோ, தந்தை அதனைக் கேட்ட நாளிலே தடுப்பின் அற்றுப்போம். அவன் வாளாவிருப்பின் நிலைபெறும். மணமான பெண்திறத்துக் கணவனுக்கும் இவ்வதிகாரம் உண்டு. கைம்பெண்ணும் கணவனால் தள்ளப்பட்டவளும் செய்த பொருத்தனையை விலக்குவார் ஒருவருமிலர். பொருத்தனையாற் குடும்பப் பொருள் செலவாதலும், நோன்பால் இல்லறம் தடைப்படுதலும் இவ்விதிக்குக் காரணமாயிருத்தல் கூடும்.

இது பெண்ணைப் பிறர் ஆட்சிக்குட்படுத்துவது என்பது வெளிப்படை. ஆயினும் அவ்வாட்சிக்கு இரண்டு எல்லைகள் உள. ஒன்று காலம்: கேட்ட நாளில் தடுக்காதவன் பின்னர்த் தடுக்கும் உரிமையை இழக்கிறான். மற்றொன்று பொறுப்பு: காலங்கடந்து தடுக்கும் கணவன் மனைவியின் குற்றத்தைத் தானே சுமக்கிறான். உரிய காலத்தில் தடுக்கப்பட்டவளுக்கோ இறைவன் மன்னிப்பு உண்டு.

இனி, நியாயாதிபதிகள் 11ஆம் அதிகாரத்திலுள்ள யெப்தாவின் வரலாற்றை நோக்குக. போரில் வென்று மீண்டால் தன் வீட்டு வாயிலில் எதிர்வருவதை இறைவனுக்குப் பலியிடுவதாக அவன் பொருத்தனை செய்தான். எதிர்வந்தவள் அவனுடைய ஒரே மகள். மகளின் வாக்கைத் தந்தை தடுக்கலாம். தந்தையின் வாக்கினின்று மகளைக் காக்க எண்ணாகமம் 30ஆம் அதிகாரத்தில் எவ்விதியும் இல்லை. இச்சட்டத்தின் பெருங்குறை இதுவே.

நம் நாட்டுத் தேசவழமையிலும் இதனையொத்த சிக்கல் உண்டு. யாழ்ப்பாணத்துத் திருமண உரிமைகளும் முதுசமும் பற்றிய 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், கணவனின் எழுத்திலான இசைவின்றி மனைவி தன் அசையாச் சொத்தைக் கைமாற்றலாகாது என்றது. இசுரவேலர் சட்டத்திற் கணவனின் மௌனம் இசைவாகும். இச்சட்டத்தில் அது தடையாகவே முடியும். எனினும், நியாயமின்றி இசைவு மறுக்கப்படின் மாவட்ட நீதிமன்றம் அவ்விசைவை வழங்கலாம் என அச்சட்டமே வழிவகுத்தது. யெப்தாவின் மகளுக்கு இல்லாதிருந்தது முறையிடுதற்குரிய இத்தகைய ஓரிடமே. குடும்ப அதிகாரத்தை ஏற்கும் எச்சட்டத்தையும் ஆராய்வோர், முறையிட இடமுண்டா என்பதையே முதலில் வினவுதல் வேண்டும்.