எழுத்தறியாமை மறதிநோய் ஆகுமா?

பள்ளிப் படி மிதியாத பாட்டியிடம் தாளை நீட்டி, "ஒரு வாக்கியம் எழுதுங்கள்" என்றால் அவர் திகைப்பது இயல்பே. அத்திகைப்பை மறதிநோய் எனக் கொள்வது அநீதியன்றோ?

1975இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட 30 மதிப்பெண் மனநிலைச் சோதனையில் படிப்பதும் எழுதுவதும் அடங்கியிருந்தன. எனவே, அரியானா மாநிலத்துப் பல்லப்கர் சிற்றூர்களில் முதியோரை ஆய்ந்தவர்கள், 1995இல் எழுத்தறியாதார்க்கும் ஏற்ற இந்தி வடிவத்தை வெளியிட்டனர். "கண்களை மூடுக" என்பதைப் படிக்க வேண்டியதில்லை. சோதிப்பவர் கண்மூடுவதைக் கண்டு அவ்வாறே செய்தால் போதும். எழுதுவதற்குப் பதிலாகத் தம் வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்லலாம்.

ஆயினும், மதிப்பெண் மட்டுமே தீர்ப்பாகாது. நெடுநாள் சமைத்த கை, இட்ட உப்பையே மீண்டும் இடுகிறதா, பழகிய தெருவில் கால் தடுமாறுகிறதா என்பதை உடனிருக்கும் நாமே அறிவோம். "வயதானால் அப்படித்தான்" என்று வாளாவிராமல், அதை மருத்துவரிடம் எடுத்துரைப்பது நம் கடமை.