தொண்டாசிரியரும் எழுத்தறிவும்

பிடோக்கில் என் மகள் குடியிருக்கும் புளோக்கின் கீழ்த்தளத்தில், சனிக்கிழமை மாலைதோறும் கல் மேசைகளைச் சுற்றிச் சிறு பிள்ளைகள் சிலர் அமர்ந்து படிக்கக் காண்கிறேன். அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போர் உயர்நிலைப் பள்ளி மாணவர் சிலர், அலுவலகம் செல்லும் இளைஞர் சிலர், ஓய்வு பெற்ற பெரியவர் இருவர். ஊதியம் எவருக்கும் இல்லை. ஜொகூரில் தோட்டப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியனாகிய நான் வார இறுதியில் இங்கு வரும்போது, "ஐயா, எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று எங்களுக்குச் சிறிது சொல்லுங்கள்" என்று அவர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொன்னவற்றையும், முகத்துக்கு நேரே சொல்லத் தயங்கியவற்றையும் ஈண்டு எழுதுகிறேன்.

எழுத்தறிவிக்க மனம் இருந்தால் போதும், பயிற்சி எதற்கு என்னும் எண்ணம் நம்மிடையே பழமையானது. தோட்டப் பள்ளிகளின் வரலாறே அதற்குச் சான்று. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாதிருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. பள்ளிகள் எழுந்தன. ஆசிரியர் எங்கிருந்து வருவார்? பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளி ஒருவரோதாம் ஆசிரியர். அவர்களுள் அன்புள்ளவர் பலர் இருந்தனர். அன்பு இருந்தும், ஆண்டுகள் பல பள்ளியில் இருந்துவிட்டுத் தம் பெயரை மட்டும் எழுதத் தெரிந்து வெளியேறிய பிள்ளைகளும் இருந்தனர். இன்று தொண்டர்களைத் திரட்டுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

தொண்டர்களால் இயலாது என்று நான் சொல்லவில்லை. இந்தியாவில் உத்தரப் பிரதேசத்து ஜௌன்பூர் மாவட்டத்தில் 2005–06 இல் நடந்த ஒரு முயற்சியைப் பாருங்கள். பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் கிராமத்து இளைஞர்களுக்கு நான்கு நாள் பயிற்சி அளித்தது. அவர்கள் பள்ளி நேரம் முடிந்தபின் ஊதியமின்றி வாசிப்பு வகுப்பு நடத்தினர். எழுத்தே அறியாமல் வந்த பிள்ளைகள் ஆண்டிறுதியில் எழுத்துக்களைப் படித்தனர். எழுத்து மட்டும் அறிந்தவர்கள் சொற்களுக்கும் பத்திகளுக்கும் முன்னேறினர். நான்கே நாள் பயிற்சி அத்துணைப் பயன் தந்தது. ஆனால் அம்முயற்சியின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஊர்ப் பிள்ளைகளில் வகுப்புக்கு வந்தவர் நூற்றுக்கு 8 பேர்தாம். எழுத்தே அறியாதவர்களைத் தனியே எடுத்துக்கொண்டாலும் நூற்றுக்கு 13 பேர். கற்பித்தலில் குறையில்லை, வாசலுக்கு வெளியே நின்றவர்களை உள்ளே அழைக்க ஆளில்லை.

தமிழ்நாட்டிலும் இரு பெரு முயற்சிகள் நிகழ்ந்தன. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்லுடைக்கும் பெண்களும் வயல் வேலை செய்யும் பெண்களும் மாலையில் பாடம் படித்ததோடு மிதிவண்டியும் ஓட்டக் கற்றனர். அதற்கான பாட நூல்கள் மூன்று படிகளாக அமைந்தன. தேர்வும் நூலுக்குள்ளேயே இருந்தது. ஏறக்குறைய 200 மணி நேரத்தில் ஒருவர் எழுதப் படிக்கக் கற்பார் என்பது அப்போதைய கணக்கு. இரண்டாவது, கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2021 அக்டோபர் 27 இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி. ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர், அவர்களுட் பெரும்பாலோர் அதே தெருவில் வாழும் பெண்கள், மாலையில் பிள்ளைகளைத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் கூட்டிக் கற்பித்தனர். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. கிராமத்துப் பிள்ளைகள் ஏறக்குறைய 19,000 பேரைச் சோதித்த ஆய்வாளர்கள், இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதத்துக்குள் மீண்டது என்றும், மீண்டதில் நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தால் விளைந்தது என்றும் கண்டனர். தெருவிலேயே குடியிருப்பவர் கற்பித்தால் பிள்ளையைத் தேடிப் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஜௌன்பூரின் குறை இங்கே பெரிதும் தீர்ந்தது அதனால்தான் போலும்.

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். இங்கே பள்ளி இல்லாத பிள்ளை இல்லை. ஆயினும் தொடக்கநிலை ஒன்றிற் சேரும் நாளிலேயே சரளமாகப் படிக்கும் பிள்ளையும், புத்தகத்தை எப்பக்கம் திருப்புவது என்றறியாத பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். இவ்விடைவெளியைக் குறைக்கவே தேசிய நூலக வாரியம் 2004 இல் கிட்ஸ்ரீட் என்னும் வாசிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. வசதி குறைந்த குடும்பங்களின் 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்குத் தொண்டர்கள் கதை படித்துக் காட்டி, அவர்களையும் படிக்கச் செய்வர். 1991 இல் அமைந்த சிண்டா என்னும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் இந்தியப் பிள்ளைகளுக்குத் துணைப்பாட வகுப்புகளோடு, தொண்டர்கள் வாரந்தோறும் உடனமர்ந்து ஆங்கிலம் படிக்கவைக்கும் திட்டமும் நடத்தி வந்துள்ளது. வட்டாரத்தில் தனியே வகுப்புத் தொடங்க எண்ணும் அன்பர்கள் முதலில் இவற்றோடு கலந்து பேச வேண்டும். ஒரே பிள்ளைக்கு மூன்று இடத்தில் வகுப்பும், அடுத்த புளோக்குப் பிள்ளைக்கு ஓரிடத்திலும் இல்லாமையும் ஆகிய கூத்து அதனால் தவிர்க்கப்படும்.

எம்மொழியில் எழுத்தறிவு என்பது அடுத்த கேள்வி. தமிழாசிரியர்களாகிய நமக்கு இது மனத்தைத் தைக்கும் கேள்வி. மக்கள் தொகைக் கணக்கின்படி, வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசும் இந்தியர் 2010 இல் நூற்றுக்கு 36.7 பேர், 2020 இல் 27.9 பேர். ஆங்கில வாசிப்புக்குத் தொண்டர் கிடைக்கின்றனர். தமிழ் வாசிப்புக்குக் கிடைப்பதரிது. ஏன் என்று பிடோக் இளைஞர்களைக் கேட்டேன். "எங்களுக்கே பிழையில்லாமல் படிக்க வராதே, ஐயா" என்றனர். நாணயமான விடை. தொண்டரின் அச்சமும் பிள்ளையின் அச்சமும் ஒன்றே என்பதால், பயிற்சியை இவ்விருவருக்கும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

தமிழ் எழுத்துக்கள் 247 என்று முதல் நாளே அட்டையைத் தொங்கவிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உயிரும் மெய்யும் ஆய்தமும் கூடி 31; எஞ்சிய 216 உம் உறுப்புக்கள் சேர்ந்தமையும் கூட்டுக்களே. ட, ப, ம போன்ற எளிய வடிவங்களிலிருந்து தொடங்கி, அவற்றாலான படம், மடம், பட்டம் ஆகிய சொற்களை அன்றே படிக்க வைத்தால் பிள்ளைக்கு வெற்றியின் சுவை தெரியும். தொண்டர்கள் பலரும் கவனியாத இடம் ஒன்றுண்டு. கா, கி, கு என்பவற்றில் குறி வலப்புறமோ மேலோ கீழோ நிற்கும். கெ, கே, கை என்பவற்றில் குறி எழுத்துக்கு முன்னே வந்து நிற்கும். கொ, கோ என்பவற்றிலோ இருபுறமும் அணைத்து நிற்கும். கண் முதலில் காண்பதை வாய் பின்னர் ஒலிக்க வேண்டும். ஆங்கிலத்தை இடமிருந்து வலமாக எழுத்தெழுத்தாக ஒலித்துப் பழகிய பிள்ளை இங்கே தடுமாறுவது மந்தத்தால் அன்று. இதனைத் தொண்டருக்கு விளக்கினால், "கவனமே இல்லை" என்று பிள்ளையைக் கடிந்துகொள்வது நின்றுவிடும்.

பெரியவர்கள் கற்பிக்கும் மேசையில் வேறொரு வேடிக்கை. ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் தாம் சிறு வயதிற் கற்றபடியே ணை, லை முதலியவற்றைத் துதிக்கை வளைவோடு எழுதிக் காட்டினார். 1978 இல் தமிழக அரசு மாற்றியமைத்து, பின்னர்ச் சிங்கப்பூரும் மேற்கொண்ட வடிவங்களையே அறிந்த சிறுமி, "தாத்தா, இது என்ன யானையா?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். அன்று முதல் பாட நூலைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதுகிறார்.

பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தொலைவு இதனினும் பெரிய இடர். "வந்துகிட்டிருக்கான்" என்று பேசும் பிள்ளை, "வந்துகொண்டிருக்கிறான்" என்று நூலிற் காணும்போது தனக்குத் தெரிந்த சொல்லையே அயற்சொல்லாக எண்ணுகிறான். நான் தோட்டத்தில் கையாளும் முறை இது. பிள்ளை தன் வாயாற் சொல்லும் நிகழ்ச்சியை, கோழி ஓடியதோ தம்பி விழுந்ததோ எதுவாயினும், அவன் சொன்னபடியே ஐந்து வரி எழுதுவேன். தன் சொல் என்பதால் அவன் படித்துவிடுவான். மறுநாள் அதே ஐந்து வரியை எழுத்து வழக்கில் அருகே எழுதி, இரண்டையும் ஒப்பிடச் செய்வேன். பேச்சைக் கொச்சை என்று பழித்தால் பிள்ளை பேசுவதையே நிறுத்திவிடுவான். அதன்பின் அவனிடமிருந்து எழுத எதுவும் கிடைக்காது.

தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை குறித்து மிகுதியாக எழுத வேண்டா. திறந்த இடத்தில், பிறர் பார்வை படும்படி அமர்தல், தொண்டரின் பின்னணியை விசாரித்தல், பெற்றோரின் ஒப்புதல், முதல் நாள் ஒவ்வொரு பிள்ளையும் எதுவரை படிப்பான் என்று சோதித்துக் குறித்தல். இவை பலரும் அறிந்தவை. முக்கால் மணி நேரத்துக்கு மேல் சிறு பிள்ளையை இருத்த முயல்வது வீண். கற்பிக்காமல், வருகைப் பதிவையும் தொலைபேசி அழைப்பையும் மட்டும் பார்த்துக்கொள்ளும் ஒருவர் கட்டாயம் தேவை. பெரும்பாலான குழுக்கள் நல்ல ஆசிரியரையே அப்பணியில் அமர்த்தி இரண்டையும் கெடுத்துக்கொள்கின்றன.

விரித்துச் சொல்ல வேண்டியது தொண்டர் விலகுவதைப் பற்றியே. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு தோட்டத்தில், மாலை வாசிப்பு வகுப்பு ஒன்றைத் தொடங்கினேன். நகரத்து அமைப்பொன்று மாணவர் பன்னிருவரை அனுப்பியது. நான்கு மாதம் சிறப்பாக நடந்தது. பின்னர் அவர்களுக்குத் தேர்வு வந்தது. ஒருவர்பின் ஒருவராக நின்றுபோயினர். போகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லவும் இல்லை. நானும் வேறு ஏற்பாடு செய்து வைக்கவில்லை; குற்றத்திற் பெரும்பங்கு என்னுடையதே. பால் மரம் வெட்டும் தாயொருத்தியின் மகன், ஒன்பது வயதினன், மூன்று வாரம் தன் நோட்டுப் புத்தகத்தோடு பள்ளித் திண்ணையில் வந்து அமர்ந்திருந்தான். "நான் சரியாப் படிக்கலேன்னுதான் அண்ணன் வரலையா, சார்?" என்று கேட்டான். அடுத்து நான் தொடங்கிய வகுப்புக்கு அவன் வரவில்லை.

ஆகவே பிடோக் அன்பர்களிடம் நான் வற்புறுத்திய முறை இது. ஒருவர் ஆண்டு முழுதும் வருவார் என்று எதிர்பார்க்க வேண்டா. பத்து வாரத்துக்கு உறுதி கேளுங்கள், பதினோராவது வாரம் மறுபடி கேளுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். எதைப் படித்தான், எங்கே இடறினான், எந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தான் என்று தொண்டர் அன்றன்றே இரண்டு வரி எழுதட்டும். விலகுவோர் தமக்குப் பின் வருபவருடன் ஒரு முறையாவது சேர்ந்தமர்ந்து, பிள்ளையின் முன்னிலையில் அக்குறிப்பேட்டைக் கைமாற்ற வேண்டும். மாதமொரு முறை தொண்டர்கள் மட்டும் கூடித் தம் இடர்ப்பாடுகளைப் பேச வேண்டும். தேநீரும் வடையும் இருந்தால் இன்னும் நல்லது. தனிமையில் தோற்பதாக எண்ணுபவரே முதலில் நின்றுவிடுகிறார்.

இப்போது அவர்கள் முன் நிற்கும் கேள்வி ஆண்டிறுதி விடுமுறை. நவம்பர் நடுவிற் பள்ளி மூடினால் சனவரியில்தான் திறக்கும். தொண்டர்களிற் பாதிப் பேர் ஊருக்குப் போவர். ஆறு வாரம் வகுப்பை மூடிவிடலாமா என்று கேட்டனர். எட்டு மேசைகள் வேண்டா, இரண்டு மேசைகளாவது இருக்கட்டும் என்றேன். டிசம்பர்ச் சனிக்கிழமைகளில் ஒரு மேசையை நான் பார்த்துக்கொள்வதாக ஒப்பியிருக்கிறேன். மற்றொன்றுக்குத் துதிக்கை எழுத்துப் பெரியவர் பெயர் கொடுத்திருக்கிறார்.