கப்பலில் வந்த குதிரை, கிண்டியில் ஓடிய குதிரை

அரியலூர், பெரம்பலூர் பக்கம் குதிரை பார்க்க வேண்டுமானால் இன்று ஏரிக்கரை அய்யனார் கோயிலுக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் முன்பு சூளையில் வெந்த மண்குதிரைகள் நின்றன. இப்போது பல ஊர்களில் கம்பி கட்டிச் சிமென்டில் எழுப்பி, பெயின்ட் அடித்த குதிரைகள் நிற்கின்றன. எளிதில் உடையாது என்பது லாபம். நேர்த்திக்கடன் குதிரை செய்துவந்த குயவருக்கு வேலை குறைந்தது நட்டம்.

உயிருள்ள குதிரைகளுக்கும் இங்கே ஒரு காலம் இருந்தது. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம் சுமார் 250 ஆண்டுகள் சோழர் தலைநகரம். தமிழ் வேந்தர்களின் படைக்கு அரபு நாட்டுக் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கின. சோழர் ஓய்ந்து பாண்டியர் ஓங்கியிருந்த 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, அரசரும் அவர் சகோதரர்களும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கியதையும், ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூட மிஞ்சாததையும் எழுதியிருக்கிறார். வளர்க்கத் தெரியவில்லை, வைத்தியம் பார்க்க ஆளில்லை என்பது அவர் சொல்லும் காரணம். பயணிகளுக்கே உரிய மிகை அதில் கொஞ்சம் இருக்கலாம். ஆனாலும் ஒரு குதிரையின் ஆயுள் இங்கே எவ்வளவு மலிவாக இருந்தது என்பது புரிகிறது.

அந்தக் கீழைநாட்டுக் குதிரையின் ரத்தம் பிறகு இங்கிலாந்தைச் சுற்றிக்கொண்டு இங்கே வந்தது. டார்லி அரேபியன், கோடால்பின் அரேபியன், பையர்லி டர்க் என்ற மூன்று பொலிகுதிரைகளில் ஒன்றில்தான் இன்றுள்ள ஒவ்வொரு தரோபிரெட் பந்தயக் குதிரையின் தந்தைவழியும் போய் முடிகிறது. அன்றைய படைக்குதிரையின் பெயர்கூட நமக்குத் தெரியாது. இன்றைய பந்தயக் குதிரைக்குப் பல தலைமுறைப் பாட்டன் பூட்டன் பெயர்கள் ஏட்டில் இருக்கின்றன. செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டி அந்த ஏட்டில் ஏறவே முடியாது.

1973இல் பிறந்த ஸ்குவாண்டரரின் கதையைப் பாருங்கள். பயிற்சியாளர் ரஷித் பைராம்ஜியின் லாயத்துக் குதிரை. 19 முறை ஓடி 18 முறை வென்றது. 1977இல் மும்பை மகாலட்சுமியின் 2,400 மீட்டர் இந்தியன் டெர்பியும் அதற்கே. அப்படி ஒரு குதிரைக்கு அளந்து வைத்த தீனி, விடியற்காலை ஓட்டம், மருத்துவர், தனிக் குதிரைக்காரர் எல்லாம் உண்டு. ஆனால் ஓட்டம் என்னவோ சில ஆண்டுகள்தான்.

சிமென்டையும் பந்தயத்தையும் சேர்த்து நினைத்தால் எம்.ஏ.எம். ராமசாமி நினைவுக்கு வருவார். 2015இல் மறைந்தார். அரியலூர் மாவட்டத்துக் கீழப்பழுவூரில் ஆலை நடத்தும் செட்டிநாடு சிமென்டின் தலைவராக நெடுங்காலம் இருந்தவர். கிளாசிக் பந்தயங்களை அதிகம் வென்ற உரிமையாளர் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றவர்.

அவருடைய குதிரைகள் ஓடிய சென்னைக் கிண்டியில் பந்தயம் தொடங்கியது 1777இல். பந்தயத்தை ஒழிக்க 1974இல் சட்டம் வந்தது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டே என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கிண்டி மைதானத்தின் 160 ஏக்கரை 1945இல் அரசு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டபோது ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். குத்தகையை ரத்துசெய்து 2024 செப்டம்பரில் அரசு சீல் வைத்தபோது, கேட்ட வாடகைப் பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல். அதே ஆண்டு ஊட்டிப் பந்தய மைதானமும் அரசின் கைக்கு வந்தது.

ரேஸில் வீட்டையும் நகையையும் தொலைத்தவர்களை எண்ணினால் இதற்காக வருந்தத் தோன்றவில்லை. கிண்டி நிலத்தில் குளமும் பூங்காவும் அமைக்க அரசு திட்டமிட்டிருக்கிறது. மழைநீர் தேங்கும் சென்னைக்குக் குளமும் மரமும் வேண்டும். ஆனால் பணத்தைத் தொலைத்தது மனிதர்கள், குதிரைகள் அல்ல. கிண்டியில் பூங்கா எழும்பும்போது, அங்கே ஓடி வென்ற குதிரைகளின் பெயர்களையும் ஆண்டுகளையும் ஒரு கல்லில் வெட்டி வைக்க அரசு முன்வர வேண்டும்.