நீச்சல் குளத்தின் அடியில் படியும் நுண்துகள்

திருவனந்தபுரத்தின் அடுக்குமாடி வளாகங்கள் பலவற்றில் இன்று நீச்சல் குளம் உண்டு. அதன் தரையில் மாவுபோல் துகள் படிவதும், கால் பட்டதும் கலங்குவதும் பலரும் கண்டதே. மணல் வடிகட்டி ஏறத்தாழ 20 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களையே நன்கு பிடிக்கும்; அதனினும் நுண்ணியவை குளத்துக்கே திரும்பிவிடுகின்றன. 10 மைக்ரான் மணல்துகள் அசைவற்ற நீரில் 2 மீட்டர் இறங்க ஆறு மணி நேரம் ஆகும். ஆகவேதான் படிவு காலையில் தென்படுகிறது.

தேற்றாங்கொட்டையைப் பானையில் தேய்த்து நீரைத் தெளியவைத்த முன்னோர் வழியே இங்கும் தீர்வு. படிகாரம் துகள்களைத் திரட்டிக் கனமாக்கும். மாலையில் அதைக் கரைத்து ஊற்றி, சிறிது நேரம் நீரைச் சுழலவிட்டு, இரவு முழுவதும் பம்பை நிறுத்த வேண்டும். காலையில் உறிஞ்சுகுழாயை மெல்ல நகர்த்தி, படிவை வடிகட்டிக்கு அனுப்பாமல் நேரே வெளியேற்ற வேண்டும். படிகாரத்தால் குறையும் பி.எச். அளவை 7.2 முதல் 7.8 வரை நிலைநிறுத்துவதும் அவசியம்.

இது அழகு பற்றியது மட்டுமன்று. படிவு குளோரினைச் செலவழித்து, கிருமிகளுக்கு மறைவிடமாகும். 2024-இல் நெய்யாற்றின்கரைப் பகுதியில், குளத்தில் குளித்தவர்களிடம் அமீபா மூளைக்காய்ச்சல் கண்டறியப்பட்டதை மறக்கலாகாது. கலங்கிய நீரில் மூழ்கும் குழந்தையும் கரையிலிருப்போர் கண்ணில் படாது. ஆழமான பகுதியின் தரை தெளிவாகத் தெரியாத நாளில் குளத்தைப் பூட்டிவைப்பதே முறை.